நட்சத்திரம் விழுந்தபோது சொன்ன பூக்கள்

பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவருக்கு ஒரே வார்த்தைதான். "அது." தண்ணீர் வேண்டுமென்றாலும் அது, முதுகு வலித்தாலும் அது. ஊரே கேட்கப் பேசிய மனிதர். எது அது என்று கண்டுபிடிப்பதிலேயே என் பொழுது போய்விடும். பேச்சுப் பயிற்சிக்காக நாகமலை புதுக்கோட்டையிலிருந்து மதுரைக்கு வாரம் தவறாமல் அவரை ஆட்டோவில் தூக்கி ஏற்றி, தூக்கி இறக்கி, என் இடுப்பு விட்டுப்போனது. பயிற்சி கொடுக்கும் பெண் படத்தைக் காட்டி, "இது என்ன சார்?" என்பாள். இவர் "அது" என்பார். அன்று காலையில் அவளிடம், "போதும்மா, இனிமே நாங்க வரல" என்று சொல்லிவிட்டேன். இவர் பக்கத்தில்தான் இருந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ராத்திரி சாப்பிட உட்காரும் நேரத்தில் கரண்ட் போனது. உள்ளே ஒரே புழுக்கம். சக்கர நாற்காலியை வாசலுக்குத் தள்ளிவந்து, பக்கத்தில் வெறுந்தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தெருவில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. இனி இப்படியேதான், பேச்சில்லாத வீடுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அழக்கூடத் தெம்பில்லை.

மலைக்கு மேலே திடீரென்று பச்சையாக ஒரு வெளிச்சம். நட்சத்திரம் ஒன்று எரிந்துகொண்டே இறங்கியது. எதிர்வீட்டுச் சுவர், கொடியில் கிடந்த துணி எல்லாம் ஒரு கணம் பளிச்சென்று தெரிந்து மறைந்தன.

"மல்லி, பிச்சி, கனகாம்பரம், செவ்வந்தி..."

சொன்னது அவர்.

விழுகிற நட்சத்திரத்தைப் பார்த்தால் மறதி வந்துவிடும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். உடனே பூக்களின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். அவர் பிறந்த ஊரான எழுமலையில் சின்ன வயதில் பழகியது, அவர் வாயில் தானாக வந்துவிட்டது. கொஞ்சம் குழறலாகத்தான். ஆனாலும் மல்லி மல்லிதான்.

"என்னங்க, இன்னொருக்கா சொல்லுங்க!"

வாயைத் திறந்தார். "அது... அது..." என்றார். அவருக்கே திகைப்பு. அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மல்லி, சொல்லுங்க, மல்லி" என்று கெஞ்சினேன். வரவில்லை.

ஓவென்று அழுதேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் காலையில் "வரல" என்று சொல்லிவிட்டு வந்ததிலிருந்து உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அந்த நிம்மதியும் போயிற்று.

ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, திங்கக்கிழமை வந்துருங்க."

"இன்னைக்குத்தான் கடைசின்னு சொன்னீகளேம்மா?"

"ஆமாண்ணே. பேசிட்டாரு."