கோபாலபுரம் சாவடியில் நான்கு கோழிகள்

ஒரு பிரம்புக் கூடை, அதன் வாயில் கட்டிய பழைய சேலைத் துணி, துணிக்குள்ளே நான்கு நாட்டுக்கோழிகளின் கோபம். முப்பது வருட அரசாங்க உத்தியோகத்தில் இப்போது நினைத்தாலும் நாற்காலியைவிட்டு என்னை எழுந்து நிற்கவைக்கும் காட்சி இது ஒன்றுதான்.

பாலக்காட்டில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்புக்கார அம்மா ஒருவர் ஏழைக் குடும்பங்களுக்குக் கோழி கொடுத்துப் பிழைக்க வழிசெய்யும் சிறிய அறக்கட்டளை நடத்திவந்தார். ஒரு காலை போனில் அவர் போட்ட சத்தத்தில் என் அலுவலகமே திரும்பிப் பார்த்தது.

"ஏனுங்க சார், தாயில்லாத பொட்டப்புள்ள ஒண்ணுங்க, பதிமூணு வயசு. சித்தப்பன் மில்லு வேலைக்கு ஆள் சேக்கற ஏஜெண்டுகிட்டப் புடிச்சுக் குடுத்துட்டான். வேன் கெளம்பப் போகுது, தடுங்க!"

குழந்தையை மீட்க நலக்குழுவின் உத்தரவு வேண்டும். அது கையெழுத்துக்குப் போயிருந்தது. அதற்குள் வேன் கோபாலபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போய்விட்டால் அந்த மாநிலத்துக்குக் கடிதம் எழுத வேண்டும், பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் விதி எண்ணோடு விளக்கினேன். அது பறவைக் காய்ச்சல் காலம். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்தச் சாவடியில இப்ப கோழி போனா நிறுத்துவாங்கம்மா. கொழந்தை போனா நிறுத்த மாட்டாங்க."

"அப்படிங்களா?" என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்த சில நிமிடங்களில் அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வேனருகே நின்றிருக்கிறார். "ஊட்டைவிட்டுப் போற புள்ளைக்கு என்ற கையால ஒரு சீருங்க" என்று கூடையைச் சிறுமியின் மடியில் வைத்தார். ஏஜெண்டுக்கு அப்போதே குழம்பு வாசனை அடித்திருக்க வேண்டும், மறுக்கவில்லை.

சாவடியில் வேன் நின்றது. "கேரளாக் கோழி உள்ள வரக்கூடாது, எறக்கு" என்றார் காவலர். எங்கள் இருவருக்கும் தோன்றாத ஓட்டை அது: கோழியை இறக்கிவிட்டால் வேன் போகலாம். ஏஜெண்டு கூடையைத் தூக்கிச் சாலையில் எறிந்தான். முடிச்சு அவிழ்ந்தது. கோழிகள் வந்த வழியே கேரளாவுக்குள் பறந்தன. "என்ற கோழி! என்ற கோழி!" என்று அலறியபடி சிறுமி குதித்து அவற்றின் பின்னால் ஓடினாள்.

மை காயாத உத்தரவோடு நான் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது எதிரே வந்த ஊர்வலத்தை எந்தப் படிவத்திலும் நிரப்ப முடியாது. முன்னால் கோழிகள், பிறகு சிறுமி, கடைசியில் வேட்டியை மடித்துக் கட்டிய ஏஜெண்டு. வேனைத் தொடர்ந்து வந்திருந்த தோப்புக்கார அம்மா காரிலிருந்து தலையை நீட்டி, "மெதுவா ஓடு தம்பி, மூச்சு வாங்குது பாரு!" என்றார். வாழ்நாளெல்லாம் வழக்குகளைத் தேடி நான் அலைந்திருக்கிறேன்; அன்று ஒரு வழக்கு ஓடிவந்து என் ஜீப்பில் ஏறிக்கொண்டது. அதுவும் எல்லைக்கு இந்தப் பக்கம்!

அவள் இன்று அதே சாவடியைத் தாண்டிப் பொள்ளாச்சிக்கு நர்சிங் படிக்கப் போகிறாள். போன மாதம் பேருந்தில் பக்கத்து இருக்கை. "அந்தக் கோழிங்க மேல உனக்கு அவ்வளவு ஆசையா?" என்று கேட்டேன்.

"நீங்க வேற, சார். அதுங்க மூஞ்சியக்கூட நான் பாக்கலீங்க. வேன் கதவு தொறந்திருந்துச்சு."