வாளியில் ஊறிய மீன் கிண்ணம்

பேரைச் சொல்லிக் கேட்டால் தெருவில் யாருக்கும் தெரியாது. "பீங்கான் டெய்லர் வீடு எது?" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். முன்னறையில் சட்டை தைத்துப் பிழைக்கிற மனிதருக்கு, கடலில் மூழ்கின பழைய கப்பல்களிலிருந்து எடுத்த சீனப் பீங்கான்மேல் அப்படியொரு பைத்தியம். வீட்டிலிருந்த ஒரே அலமாரியைக் கிண்ணங்களும் சாடிகளும் பிடித்துக்கொண்டன. மனைவியின் சேலைகள் கட்டிலுக்கடியில் பெட்டியில் கிடந்தன.

"எனக்கு ஒரு தட்டு ஒதுக்கக் கூடாதாங்க?" என்று அவள் கேட்டால், "உன் சேலை இருநூறு வருஷம் கடலுக்குள்ள கிடந்துட்டு சாயம் போகாம வருமா, சொல்லு" என்பார்.

தங்கமான மனிதர்தான். ஒரே ஒரு குறை, யாரையும் நம்பமாட்டார். துணிக்கு அளவெடுக்கும்போதே ஆளையும் அளவெடுத்துவிடுவார்.

கிண்ணங்களைக் கொண்டுவந்து கொடுப்பவன் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி. மூழ்கிய கப்பல்களில் பொருள் எடுக்கிற கம்பெனிப் படகில் இன்ஜின் பார்க்கிறவன். நல்லதையெல்லாம் கம்பெனி எடுத்துக்கொண்டு, மூளியையும் விரிசலையும் ஆட்களுக்குக் கொடுத்துவிடும். கடைசியாக அவன் கொண்டுவந்தது நீல மீன் வரைந்த ஒரு கிண்ணம். மேல்பூச்சு முழுக்க மயிரிழை விரிசல். வெளிப்பக்கம் சிப்பி அப்பியிருந்தது. டெய்லர் அதைக் கையில் வாங்கி, மீனைத் தடவித் தடவிப் பார்த்தார்.

கடலில் கிடந்த பீங்கானை உடனே காயவைக்கக் கூடாது. விரிசல் வழியாக உள்ளே உப்பு ஏறியிருக்கும். நல்ல தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். டெய்லர் காலையில் கடவுளைக் கும்பிட்டதும் நேரே குளியலறைக்குப் போவார். வாளியில் விரலை விட்டு நாக்கில் வைப்பார். கரித்தால் உப்பு இன்னும் இறங்குகிறது என்று அர்த்தம். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முனகி முனகி வாளியைச் சாய்ப்பார். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். "மீன் எப்படி இருக்கு மாமா? பாத்துட்டு வரேன்" என்று கைப்பையோடு குளியலறைக்குள் போனவன் வெகுநேரம் வரவில்லை. வரும்போது பை உப்பியிருந்தது, அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. டெய்லர் பார்த்தார், கேட்கவில்லை.

மறுநாள் காலை விரலை நாக்கில் வைத்தார். கரிக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. நேற்றுவரை இறங்கிய உப்பு ஒரே ராத்திரியில் எப்படித் தீரும்? கிண்ணத்தைத் தூக்கிப் பார்த்தார். அதே மீன்தான். ஆனால் கண் கொஞ்சம் பெரிதோ? சிப்பி இவ்வளவு கீழேயா இருந்தது? பார்க்கப் பார்க்க எல்லாமே வேறாகத் தெரிந்தது.

பழம்பொருள் கடைக்காரரிடம் போய்ச் சொன்னார்.

"இப்பல்லாம் புதுக் கிண்ணத்துல கோந்து தடவி சிப்பி ஒட்டுறாங்களே" என்றார் அவர். "நல்லதக் காட்டிட்டு அப்புறம் மாத்தி வச்சிடுவாங்க. தண்ணிக்குள்ள தெரியாது. காஞ்சா கோந்து வெளுத்துக் காட்டிக்குடுத்துடும். யாரு குடுத்தது?"

"சொந்தக்காரன்தான்."

"அப்பக் கண்டிப்பா காயவச்சுப் பாருங்க."

அன்று சாப்பிடும்போது மனைவியிடம் மெல்ல ஆரம்பித்தார். "உன் தம்பி அன்னைக்குப் பையில என்னத்தக் கொண்டுபோனான்?"

"துண்டு."

"துண்டுக்குப் பை அப்படியா உப்பும்?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன்தான். பாத்துப் பேசுங்க."

"கிண்ணம் சரியா இருந்தா அவன் கால்ல விழறேன். கோளாறா இருந்தா இந்த வாசப்படிய அவன் மிதிக்கக் கூடாது."

கிண்ணத்தை வாளியிலிருந்து எடுத்து, அயர்ன் செய்த சட்டைகளை அடுக்குகிற பலகையில் வைத்துவிட்டார். எந்நேரமும் சூடு இருக்கிற இடம். சில நாளில் சிப்பியைச் சுற்றியும் விரிசல் நெடுகவும் வெள்ளையாகப் பூத்தது. சந்தேகம் பலித்ததில் ஒரு திருப்தி. மச்சினனுக்கு ஆள் அனுப்பினார்.

அவன் வந்து நின்றான். மனைவியும் கதவோரம் வந்து நின்றாள்.

"இது என்னன்னு நீயே சொல்லுப்பா" என்று வெள்ளையின்மேல் பெருவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார் டெய்லர். மேல்பூச்சு செதில் செதிலாக உதிர்ந்தது. மீனின் வால் அவர் விரலோடு வந்துவிட்டது.

மச்சினன் அந்தப் பொடியைத் தொட்டு நாக்கில் வைத்தான். "உப்பு, மாமா. காஞ்சதும் இது பூத்து மேல்பூச்சத் தள்ளிடும். இத ஏன் வெளிய எடுத்தீங்க?"

டெய்லரும் நாக்கில் வைத்தார். கரித்தது.

"தண்ணி கரிக்கலையேப்பா..."

"எப்படிக் கரிக்கும்?" என்றாள் மனைவி. "நீங்க எழுந்திருக்கிறதுக்குள்ள நான்தான் மாத்திடறேனே. மாமா இடுப்புக்கு வாளி ஆகாதுக்கா, அவருக்குத் தெரியாம நீ மாத்திடுன்னு இவன்தான் சொன்னான். அன்னைக்கு மாத்திக் காட்டினதும் இவன்தான். கீழ கொட்டினத இவன் துண்டாலதான் துடைச்சான். அதத்தான் பையில திணிச்சுட்டுப் போனான்."

தையல் மெஷினைப் பார்த்தபடியே நின்ற டெய்லர், சொன்ன சொல்லைக் காப்பாற்றக் குனிந்தார். பாதி குனிவதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. மச்சினன் தோளைத் தாங்கி நிமிர்த்தினான்.

"விழுந்தா தூக்குறதுக்கும் நான்தான் வரணும். சும்மா இருங்க மாமா."

சொன்னானே தவிரச் சிரிக்கவில்லை. வால் போன கிண்ணத்தை வாளியில் வைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டு, அக்கா சாப்பிடக் கூப்பிட்டதற்கு வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்க டெய்லர் கடவுளிடம் கேட்டது கிண்ணத்தை அல்ல, மச்சினன் திரும்பி வரவேண்டும் என்றுதான். அடுத்த ஞாயிறு அவன் வந்தான். கைப்பையை மட்டும் வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தான். டெய்லர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய், அந்தப் பையை எடுத்துவந்து, குளியலறைக்குள் வாளிக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினார்.