குலதெய்வம் விடுபட்டுப்போன பிடிஎஃப்

கணினி வேலையில் நான் புலி என்று என்னைத் தவிர யாரும் சொன்னதில்லை. அந்த ஒரே சாட்சியை நம்பித்தான், காளவாசலில் வரன் தகவல் மையம் நடத்தும், எங்களுக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் தன் எக்ஸ்எம்எல் கோப்பை எனக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை திருமங்கலம் மண்டபத்தில் வரன் பார்க்கும் கூட்டம். இருநூற்றுச் சொச்சம் பேரின் விவரங்களை ஆளுக்கு அரைப் பக்கமாக அடுக்கிப் பிடிஎஃப் புத்தகமாக்க வேண்டும். அதில் என் தங்கையும் ஒருத்தி. மூன்று வருடமாக இடம் அமையவில்லை. "இந்தத் தடவையும் தட்டிப்போச்சுன்னா இனி எந்த மண்டபத்துக்கும் வர மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை கோப்பைத் திறந்தேன். பெயர், நட்சத்திரம், வேலை எல்லாம் தனித்தனி டேகுக்குள், அதாவது தலைப்புப் போட்ட பெட்டிக்குள், இருக்க வேண்டும். இருந்ததோ ஒரே டேக்: 'குறிப்பு'. பெற்றோர்கள் மனதில் பட்ட வரிசையில் எல்லாவற்றையும் அதற்குள் கொட்டியிருந்தார்கள். புலி அஞ்சுமா? காற்புள்ளி கண்ட இடத்தில் வெட்டி, துண்டுகளை வரிசையாகக் கட்டங்களில் நிரப்ப ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஆறு துண்டுக்கு மேல் வந்ததைக் குப்பை என்று தள்ளினேன். பிடிஎஃப்பை அனுப்பிவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போனேன்.

இரண்டாவது பரோட்டாவில் அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, ஒரு பொண்ணுக்கு உயரம் திருவாதிரைன்னு போட்டிருக்கு."

"சரி பண்ணிடுறேண்ணே."

"அதக்கூட விடுங்க. குலதெய்வம் எங்கய்யா? ஒருத்தருக்கும் காணோம்!"

எங்கள் பக்கத்தில் ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள். பெண் கொடுப்பதோ எடுப்பதோ கிடையாது. புத்தகத்தில் முதலில் பார்ப்பதே அதைத்தான். மற்றதை எந்த வரிசையில் எழுதினாலும் சாமியை எல்லோரும் கடைசியில்தான் எழுதியிருந்தார்கள்; நான் குப்பை என்று தள்ளியது இருநூறு வீட்டுச் சாமிகளை.

"அது இல்லாம எவன் தொறந்து பாப்பான்? தங்கச்சி முறைக்காரியப் போயிப் பொண்ணு கேக்கச் சொல்றீகளா?"

சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு குறிப்பாகப் படித்துக் கையாலேயே நிரப்பினேன். 'எங்க சாமி அண்ணனுக்கே தெரியும்' என்று ஒரு அப்பா எழுதியிருந்தார். அண்ணனுக்குத் தெரியவில்லை. எனக்கே தெரிந்த சாமியை மட்டும் கடைசியில் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன். அப்படி ஒதுக்கியது ஒன்றே ஒன்று, எங்கள் வீடு. அதை மறந்தே போனேன். அச்சும் ஆகிவிட்டது.

மண்டபத்தில் என் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா தங்கையின் விவரத்தில் விரல் வைத்தார். "எல்லாம் பொருந்துது. சாமியப் போடலியே, எதையாச்சும் மறைக்கிறாகளோ?" என்று கணவரிடம் சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்.

எங்கள் சாமி பெயரை எல்லாப் புத்தகத்திலும் கையாலேயே எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு நாற்காலி நாற்காலியாகப் போனேன். "அம்மா, ஒரு நிமிசம், அந்தப் புத்தகத்தக் குடுங்க… அண்ணே, நாப்பத்தி மூணாம் பக்கம்…" புத்தகத் திருடன் என்று நினைத்து ஒருவர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பதினொன்றாவது புத்தகத்தில் இருந்தபோது தங்கை எதிரே வந்து நின்றாள். கோபித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பப் போகிறாள் என்றே நினைத்தேன்.

"உன் கையெழுத்த எவண்ணே படிப்பான்? குடு" என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, அந்த முன்வரிசை அம்மாவிடம் போனாள்.