முன்கூட்டியே நடந்துவிட்ட மாதம்

எழுத்தாளருக்கு வாசகர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். இது தோராயம் அல்ல. அவர் மாதாமாதம் மின்னஞ்சலில் அனுப்பும் கடிதத்தைப் பெறச் சம்மதித்தவர்களின் துல்லியமான எண்ணிக்கை. அதில் மனைவி அடக்கம், பதிப்பாளர் அடக்கம், எதற்காகச் சேர்ந்தார் என்று தெரியாத ஒரு பல் மருத்துவரும் அடக்கம்.

கடிதத்தில் இரண்டே பகுதிகள்: இந்த மாதம் நான் செய்தவை, இந்த மாதம் நான் படித்த மாயக்கதைகள். கடைசியில் மட்டும் ஒரு வரி, 'என் நாவலின் மூன்றாம் பாகம் நன்றாக வளர்ந்து வருகிறது.' இரண்டு வருஷமாக அந்த வரி வளர்ந்ததே தவிர நாவல் வளரவில்லை. இளவரசன் உருவிய வாளோடு டிராகனின் குகை வாசலில் நின்றவன் நின்றபடியே இருந்தான். பொறுத்துப் பார்த்த பதிப்பாளர், இந்த மாதக் கடைசிக்குள் மூன்றாம் பாகம் கைக்கு வராவிட்டால் முதல் இரண்டு பாகங்களையும் இனி அச்சிடுவதில்லை என்று ரொம்ப மரியாதையாகச் சொல்லியிருந்தார்.

எழுத்தாளருக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. மற்றவர்கள் மாதம் முடிந்தபின் நடந்ததை எழுதுவார்கள். இவர் ஒன்றாம் தேதியே முழுக் கடிதத்தையும் எழுதி வைத்துவிடுவார். பிறகு அதில் உள்ளபடி வாழப் பார்ப்பார். முடியாததை முப்பதாம் தேதி அடித்த பிறகே கடிதம் போகும். இது ஒழுக்கத்துக்கான வழி என்பது அவர் கட்சி. வழக்கமாக அடித்தது போக மிஞ்சுவது வணக்கமும் வானிலையும்தான்.

இந்த ஒன்றாம் தேதி கை தாராளமாக ஓடிவிட்டது. சமையலறைக் குழாயை அவரே ரிப்பேர் செய்துவிட்டார். மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போய்விட்டார். மூன்று தடித்த மாயக்கதைகளைப் படித்து முடித்து, பின்னட்டைகளின் துணையோடு, மூன்றாவதில் வரும் டிராகனின் நகைச்சுவை தன்னைக் கண்கலங்க வைத்ததாக உருகியும் இருந்தார். மூன்றாம் பாகமும் முடிந்துவிட்டது. திருப்தியாகக் குளிக்கப் போனார்.

கடிதத்தை அனுப்புவது மனைவியின் இலாகா. ஒருமுறை அவரே அனுப்பப் போய், ஒரே கடிதம் எல்லோருக்கும் பதினேழு தடவை போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த ஏற்பாடு. மருந்துக் கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, திரையில் கடிதத்தைப் பார்த்தார், உட்கார்ந்து படித்தார், அனுப்பினார்.

துண்டோடு வந்த எழுத்தாளர் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார்.

"அனுப்பிட்டியா? நீ அதைப் படிச்சுப் பார்க்கவே இல்லையா?"

"படிச்சதாலதாங்க அனுப்பினேன்," என்றார் மனைவி, கைப்பையை மாட்டிக்கொண்டே.

பத்தே நிமிஷத்தில் பதிப்பாளர் போன் செய்தார். முப்பதாம் தேதிக்கு அச்சகத்தில் சொல்லிவிட்டாராம். கடைசியாக ஒருமுறை வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று எழுத்தாளர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எழுதிவிட்டால் வாசிக்கத்தானே போகிறார்.

மத்தியானம் மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். மனைவிதான் தன் அம்மாவுக்குப் போனில் கடிதத்தை வரி விடாமல் வாசித்துக் காட்டியிருந்தார்.

"என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனீங்களாமே மாப்பிள்ளை. எனக்குத்தான் ஒண்ணும் ஞாபகம் இல்ல."

மாதம் தொடங்கியது. முதலில் குழாய். மேலே தொட்டியின் வால்வை மூடிவிட்டுத்தான் குழாயைக் கழற்ற வேண்டும் என்று கடிதத்தில் எழுதியிருக்கவில்லை, அதனால் அவர் மூடவில்லை. தண்ணீர் கூரையைத் தொட்டது. மூன்று வாஷர் மாற்றியபின், நிமிஷத்துக்கு அறுபது சொட்டு விழுந்தது நாலு சொட்டாகக் குறைந்தது. அவர் அதை ரிப்பேர் என்று அறிவித்தார். மனைவி கீழே ஒரு கிண்ணத்தை வைத்தார்.

கண் டாக்டர் ஒரே நாளில் விடுகிறவர் இல்லை. நாலு தடவை வரச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சொட்டு மருந்து விட்டு மூன்று மணி நேரம் உட்கார வைத்தார்கள். மாமியாருக்கு எதிரில் இருப்பவர் ஆணா பெண்ணா என்றே தெரியவில்லை. சும்மா இருக்க முடியாது, ஏதாவது படியுங்கள் என்றார். எழுத்தாளர் தான் படித்து முடித்த புத்தகங்களை முதன்முறையாகத் திறந்தார். அங்கே மிஞ்சியதை வீட்டில் வாசித்துக் காட்டினார்.

ஊருக்குள் நுழையுமுன் நிழலைக் கழற்றி வைக்க வேண்டிய நகரத்தின் கதை மாமியாருக்குப் பிடித்தது. செருப்பு மாதிரி நிழலும் மாறிப்போகுமே என்று கவலைப்பட்டார். கதவுகள் பாடம் நடத்தும் பள்ளிக்கூடம் இரைச்சல் என்றார். மூன்றாவது புத்தகத்தின் அட்டையில் மூக்குக்கண்ணாடி போட்ட பச்சை டிராகன். உள்ளே ஒரு கிணற்றுக்காக இரண்டு அரசர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்துக்கு வரப்புச் சண்டை போட்டார்கள். டிராகன் எப்போது வரும் என்று மாமியார் பக்கத்துக்குப் பக்கம் கேட்டார். கடைசிப் பக்கம்வரை வரவில்லை. அதே வாரம் பல் மருத்துவரும் எழுதிக் கேட்டிருந்தார், தங்களைக் கண்கலங்க வைத்த டிராகன் எத்தனையாம் பக்கத்தில் இருக்கிறது என்று.

நாலாவது தடவை, இருபத்தாறாம் தேதி, படிக்கப் புத்தகம் தீர்ந்துபோனது. பையில் இருந்தது அவருடைய கையெழுத்துப் பிரதி ஒன்றுதான். யார் எழுதியது என்று சொல்லாமல் குகை வாசல் அத்தியாயத்தை வாசித்தார்.

"இவன் ஏன் உள்ள போகமாட்டேங்கிறான்?"

"யோசிக்கிறான் அத்தை."

"எவ்வளவு நேரமா?"

"ரெண்டு வருஷமா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு வருஷம் ஒருத்தன் வாசல்ல நின்னா, அந்தப் பறக்குற பல்லியே வெளிய வந்து, என்னப்பா வேணும்னு கேட்டிருக்காதா?"

எழுத்தாளர் கையில் இருந்த கண் பரிசோதனைச் சீட்டைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். டிராகன் வெளியே வந்தது. என்னப்பா வேணும் என்று கேட்டது. அப்போதுதான் இளவரசனுக்கு, தனக்கு என்ன வேண்டும் என்று யாருமே கேட்டதில்லை என்பது உறைத்தது. மாமியாரை உள்ளே கூப்பிட்டார்கள், மாப்பிள்ளை எழுந்திருக்கவில்லை. நர்ஸ்தான் கைபிடித்து அழைத்துப் போனார்.

முப்பதாம் தேதி மூன்றாம் பாகம் பதிப்பாளர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இனி நடந்ததை மட்டுமே எழுதுவது என்ற உறுதியோடு எழுத்தாளர் கணினிமுன் உட்கார்ந்தார். உட்கார்ந்தபின்தான் விளங்கியது, நடந்ததெல்லாம் போன கடிதத்திலேயே போய்விட்டது. வெகுநேரம் யோசித்து இரண்டு வரி எழுதினார்.

'போன கடிதத்தில் எழுதியவை இந்த மாதம் நடந்தன. டிராகன் அட்டையில் மட்டுமே இருக்கிறது, மன்னிக்கவும்.'

மனைவி வந்து படித்தார். கீழே மூன்றாவதாக ஒரு வரி சேர்த்து, அவர் எட்டிப் பார்ப்பதற்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பிவிட்டார்.

'குழாய் இன்னும் சொட்டுகிறது.'