ரண்டாலாவுக்குக் கார் ஓட்டியவன்

வில்யாமி கெட்டவன் இல்லை. சொன்னதைச் செய்கிறவன், அதுதான் அவனுக்கு வினையாக வந்தது.

1930 கோடையில் பின்லாந்தின் எங்கள் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் ரண்டாலா பேச்சுதான். நேற்றுவரை உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்த மனிதர், சிவப்புக்காரர்களை, அதாவது கம்யூனிஸ்டுகளை, ஒழித்தால்தான் நாடு உருப்படும் என்று மேடையில் முழங்கினார். ஊரே கை தட்டியது. நானும்தான், மறைப்பானேன்.

ஒரு நாள் தையல்காரன் கோஸ்தியைக் காரில் தூக்கிப் போட்டார்கள். சிவப்புப் பத்திரிகை படித்தானாம். எல்லை தாண்டி ரஷ்யாவுக்குள் தள்ளிவிட வேண்டும் என்பது ரண்டாலாவின் உத்தரவு. ஓட்டியது வில்யாமி. வழியில் ஒரு பண்ணை வீட்டில் நிறுத்தினார்கள். வீட்டுக்காரிக்கு விஷயம் தெரியாது. வாசல் மிதித்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்புகிற வழக்கம் எங்களிடம் இல்லை, கோஸ்திக்கும் ஊற்றினாள்.

“கோட்டு நல்லாருக்கே, யார் தச்சது?” என்றாள்.

“நான்தான்கா. இதோ இவன் போட்டிருக்கானே, அதுவும் நான் தச்சதுதான்” என்று வில்யாமியைக் காட்டினான் கோஸ்தி.

வில்யாமி காபியைப் பாதியில் வைத்தான். ஆனாலும் எழுந்து போய்க் காரை எடுத்தான். அதன்பின் கோஸ்தியிடமிருந்து ஒரு வரிகூடக் கடிதம் வரவில்லை.

இரண்டு குளிர்காலம் கழித்து ரண்டாலா ஆட்சியையே பிடிக்கப் புறப்பட்டார். துப்பாக்கியோடு பனியில் நின்ற ஆட்கள், அரசாங்கம் வானொலியில் அதட்டியதும் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ரண்டாலாவைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கை தட்டிய நாங்கள் அத்தனை பேரும் ஒரே நாளில் யோக்கியர்களாகிவிட்டோம்.

வில்யாமி மட்டும் அவரைத் தேடிப் போனான். “பண்ணையாரே, கோஸ்தி பெண்டாட்டிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்.”

“எந்தக் கோஸ்தி?”

அவர் நடிக்கவில்லை. நிஜமாகவே மறந்திருந்தார். 

அங்கிருந்து நேராகக் கோஸ்தியின் மனைவி சைமியிடம் போனான். “அக்கா, அன்னைக்குக் காரை ஓட்டினது நான்தான்.”

சைமி தையல் மிஷினை நிறுத்தினாள். “தெரியும். நம்பரைச் சாக்கால மூடிட்டு வந்தீங்க. ஊருக்கே இருக்கிறது ஒரு காரு, அதுக்குச் சாக்கு வேற! உன் வாயால வரட்டும்னுதான் இத்தனை நாளா காத்திட்டிருந்தேன். சொல்லு, கடைசியா அவரு என்ன சொன்னாரு?”

வில்யாமி தொப்பியைக் கழற்றினான்.

“‘எனக்கு ரஷ்ய மொழி தெரியாதேடா வில்யாமி’ன்னாரு அக்கா.”