வாவியில் பழகிய அல்லேலூயா

தபால் கந்தோரில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற அழகரத்தினத்துக்கு வீட்டிலும் அதே வேலைதான். கோயில் பாட்டுகளைக் காலவாரியாகப் பிரித்து நான்கு பிஸ்கட் தகரங்களில் வைத்திருந்தார். ஆகமன காலத்துக்கு ஒன்று, இயேசு பிறந்த நத்தாருக்கு ஒன்று, நோன்பிருக்கிற தபசுக்கு ஒன்று, அவர் உயிர்த்த பாஸ்குவுக்கு ஒன்று. தபசுத் தகரத்தில் நத்தார்ப் பாட்டு ஒன்று தவறிக் கிடந்தால் போதும், மனுஷனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"கறிக்கு உப்புப் போடவும் காலம் பாப்பீங்களோ?" என்று சீண்டுவாள் மனைவி புஸ்பம். அவர் நடத்துகிற பாட்டுக் குழுவில் முதல் குரல் அவள்தான்.

முப்பத்தாறாம் ஆண்டு பாஸ்குவில் மானம் கப்பலேறியது. நாலு குரலில் பாட வேண்டிய அல்லேலூயாப் பாட்டு நாலு திசைக்குப் போய்விட்டது. சனம் வாயைப் பொத்திச் சிரித்தது. பின்னே என்ன? சாம்பல் புதனிலிருந்து பாஸ்கு வரை அல்லேலூயா என்று வாயெடுக்கக் கூடாது. பழகாமல் எப்படிப் பாடுவதாம்! பங்குச் சுவாமி அதையெல்லாம் காதிலே போட்டுக்கொள்ளவில்லை.

"தபசில என்ட பங்குக்குள்ள அந்தச் சொல் கேக்கப்படாது. அடுத்த பாஸ்குவும் இப்பிடிப் போனா, பாட்டுக் குழுவ மடத்துச் சிஸ்டர்மாரிட்டக் குடுத்திருவன்."

பதினாலு வருடமாய்த் தேடித் தேடிச் சேர்த்த தகரங்கள்! அவற்றைத் தூக்கிச் சிஸ்டர்மாரிடம் கொடுப்பதா? அடுத்த சாம்பல் புதன் நெருங்கும்போதுதான் அழகரத்தினத்துக்கு மூளை வேலை செய்தது. வாவி எந்தக் கோயில் பங்கிலும் சேர்த்தி இல்லையே!

குழுவில் இருந்த எட்டுப் பேரையும் ஊருக்கே அண்ணன் முறையான பதியுதீன் காக்காவின் தோணியில் ஏற்றி நடுவாவிக்குக் கொண்டுபோனார்.

"கிளாக்கர் ஐயா, தோணி ஆடக்குள்ள வாயத் திறந்தா தண்ணிதான் உள்ள போகும்" என்றார் பதியுதீன். "நான் கம்ப ஊண்டி நிப்பாட்டிட்டு மூணு தட்டுத் தட்டுவன். மறுகா பாடுங்க."

தபசு முழுக்க மாலைதோறும் அதே கதைதான். தோணி விளிம்பில் மூன்று தட்டு விழும். எட்டுக் குரலும் ஒன்றாய் எழும்பும். அடடா, என்ன சுகம்! மீன்பிடிக்க வந்தவர்கள் வலையை மறந்துவிட்டுக் கேட்டார்கள்.

பாஸ்குக் காலைப் பூசை. அழகரத்தினம் கையை உயர்த்தினார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுபடி உயர்த்தினார். எட்டுப் பேரும் திருதிருவென்று விழித்தார்கள். சுவாமி பீடத்திலிருந்து திரும்பிப் பார்த்தார்.

"தட்டு எங்க?" என்று கிசுகிசுத்தாள் புஸ்பம்.

அழகரத்தினத்துக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது நாளாய் அவர் கையை யார் பார்த்தார்கள்? எல்லாரும் தட்டுக்கல்லவா காத்திருந்தார்கள்! போச்சு, எல்லாம் போச்சு.

தன் தோணிப் பாட்டு தரையில் எப்படி இருக்கிறதென்று கேட்க வந்து, வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார் பதியுதீன். புஸ்பத்தின் முழியைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. கதவு நிலையில் விரல் முட்டியால் மூன்று தட்டுத் தட்டினார்.

அல்லேலூயா கூரையைத் தொட்டுக்கொண்டு எழும்பியது. கடைசி அடி வரை ஒரு குரல்கூடப் பிசகவில்லை. அழகரத்தினம் அழுதுகொண்டே கையசைத்தார்.

பூசை முடிந்ததும் சுவாமி நேரே வாசலுக்கு வந்தார். "தட்டினது நீங்களா, காக்கா?"

"ஓம் சுவாமி. இஞ்ச தரை ஆடாமக் கிடக்கு. அதான் புள்ளைகளுக்குத் தொடங்க வரல்ல."

சுவாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அடுத்த பாஸ்குவுக்கும் வாங்க" என்றார்.

அன்று வீட்டுக்குப் போனதும் அழகரத்தினம் பாஸ்குத் தகரத்தைத் திறந்து, அந்தப் பாட்டுத் தாளின் தலைப்பில் மையால் எழுதிவைத்தார்: "தொடக்கம்: பதியுதீன் காக்கா, மூன்று தட்டு."