சுங்கை வேயில் அரை நிமிடம்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ரயில் ஓட்டுகிறேன். பின்னால் ரயில் நிறைய ஆள் இருந்தாலும் ஓட்டுநர் அறையில் நான் மட்டும்தான். கைப்பேசியை அணைத்துப் பையில் போட்டுவிட வேண்டும். நாள் முழுக்க நான் பேசுவது சிக்னலோடு மட்டும். ஒவ்வொரு சிக்னலையும் விரல் நீட்டிக் காட்டி, அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கவனம் சிதறாமல் இருக்க அப்படி ஒரு பழக்கம். எதிரே வரும் ரயிலின் ஓட்டுநர் கையைத் தூக்குவார், நானும் தூக்குவேன். எங்கள் நட்பெல்லாம் அவ்வளவுதான். அவர்களில் பாதிப் பேரின் குரலை நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்தால் வாய் திறக்காது. பதினோரு வருடம் பொறுத்துப் பார்த்த மனைவி ஒருநாள், "சுவத்தோட குடும்பம் நடத்துற மாதிரி இருக்கு. நாலு நாளா ஒரு வார்த்த பேசல நீங்க" என்று சொல்லிவிட்டு, சுங்கை வேயில் இருக்கும் அவள் அக்காள் வீட்டுக்குக் கிளம்பினாள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தேன். மடையன்.

அடுத்த மூன்று வாரம் ஓட்டுநர் அறையில் அவள் எதிரே இருப்பதாக நினைத்து மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. கைப்பேசியை எடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு மதியம் சுங்கை வேயில் ரயிலை நிறுத்தினேன். நடைமேடையின் முனையில், என் ஜன்னலுக்கு நேரே, அவள் நின்றிருந்தாள். காலடியில் அதே பை. என் ஷிப்டை அவள் மறக்கவில்லை. ஜன்னலைத் திறந்தேன்.

"நானா வந்து ஏற மாட்டேன். நீங்க ஏறுன்னு சொல்லுங்க. ஒரு வார்த்த போதும்லா," என்றாள்.

ரயில் அங்கே நிற்பது அரை நிமிடம்தான். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முன்னால் சிக்னல் மாறியது. விரல் தானாக நீண்டது.

"பச்சை," என்றேன்.

கை கதவுகளை மூடியது. ரயில் நகர்ந்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவள் குனிந்து பையை எடுப்பது கண்ணாடியில் தெரிந்தது. நினைத்த இடத்தில் நிறுத்த இது என் மோட்டார்சைக்கிள் இல்லை. கிள்ளான் வரை அழுதுகொண்டே ஓட்டினேன். ஒரு சிக்னலைக்கூடச் சொல்லாமல் விடவில்லை.

இறங்கியதும் அவள் கைப்பேசிக்கு அழைத்தேன். அக்காள்தான் எடுத்தார். "அவ யார்கிட்டயும் பேசல தம்பி. நீங்க இனிமே போன் பண்ண வேணாம்."

இப்போது தினமும் சுங்கை வேயில் ஜன்னலைத் திறக்கிறேன். யாரும் நிற்பதில்லை. "ஏறு" என்கிறேன், தெளிவாக, சத்தமாக. அப்புறம் சிக்னலைப் பார்த்துப் பச்சை என்று சொல்லிவிட்டுக் கதவை மூடுகிறேன்.